போக ஒன்பது, வரப் பத்து

நான் முதன்முதலாகப் பார்த்தபோது பெட்டியக்கா ஒரு பெட்டிக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜிப்பின் பற்களில் மெழுகுவர்த்தி பூசும் வேலை அது. மடியில் நீலப் பெட்டி ஒன்று குப்புறக் கிடந்தது. வாயில் இரண்டு ஆணி. காலடியில் தகர டப்பா நிறையச் சக்கரங்கள். மாடிப்படிக்குக் கீழே, மின்சார மீட்டர்களை ஒட்டி, ஒருவர் உட்காரலாம், நிமிர்ந்தால் மண்டை இடிக்கும் என்கிற அளவுக்கு ஓர் இடம். அதுதான் கடை. அதே படியில் ஏறினால் முதல் மாடியில் விமான டிக்கெட் போடும் அலுவலகம். எனக்கு அன்று அங்கே முதல் நாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தேன். பாதிப் படி ஏறும்போது என் பெட்டி வாயைப் பிளந்தது. சட்டை, துண்டு, சோப்பு டப்பா எல்லாம் உருண்டு போய் அவர் முன்னால் விழுந்தன.

ஆணிகளை வாயிலிருந்து எடுக்காமலே பேசினார். “அது ஜிப்பு இல்ல, செத்த பூரான். கொண்டா இங்க.”

சிதறியதையெல்லாம் நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை மட்டும் அவர் எடுத்து, முழங்காலில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன இது, வீட்டுப் பட்டாவா?”

“டிகிரிக்கா. எங்க பரம்பரையிலேயே முதல் டிகிரி. நான்தான் வாங்கினேன்.” புவியியலில் முதல் வகுப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கேட்காமலே சொல்லக்கூடிய செய்திதான் அது; இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன்.

“அப்போ சட்டைங்களுக்கு நடுவுல வெய்யி. இந்தப் படியில ஏறி இறங்கறவனுக்கு எது டிகிரி, எது மிதியடின்னு தெரியாது.”

ஜிப்பை மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்குப் பட்டதாரி என்றே பெயர்.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். குட்டையான உருவம். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மற்றவற்றைவிடப் பருமன். குத்தூசியைத் தள்ளித் தள்ளி அப்படி ஆகிவிட்டது. கண்ணாடியின் ஒரு காதுக்குப் பெட்டிக் கைப்பிடியின் திருகாணி போட்டிருப்பார். கடையில் நாற்காலி கிடையாது. யாரோ சரிசெய்யக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன ஒரு பெரிய சாம்பல் நிறப் பெட்டியின் மேல்தான் உட்காருவார். “ஆள் வந்தா எழுந்திருச்சுக் குடுத்துடுவேன். வரணுமே” என்பார்.

பெட்டியைக் கொடுப்பவர்களின் முகத்தை அவர் அதிகம் பார்ப்பதில்லை. பெட்டியைப் பார்த்தே ஆளைச் சொல்வார். சக்கரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், “இவரு இழுத்துட்டே போன் பேசற ஆளு.” உள் துணி கிழிந்திருந்தால், “வீட்டுக்குத் தெரியாம எதையோ ஒளிச்சிருக்காரு.” கைப்பிடி பிய்ந்து வந்தால் பெரிதாகப் பெருமூச்சு விடுவார். “இது சுமையால பிய்யல. கோவத்துல பிஞ்சது. யாரோ யாரையோ விட்டுட்டுக் கிளம்பியிருக்காங்க.”

இரண்டு சிக்னல் தள்ளி ஒரு பெரிய ஓட்டல் இருக்கிறது. அங்கே தங்க வருபவர்களின் உடைந்த பெட்டிகளை ஒரு சிப்பந்தி தூக்கி வருவார், மாலையில் வந்து எடுத்துப் போவார். அந்தப் பெட்டிகளின் சொந்தக்காரர்களை அக்கா கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆனால் கைப்பிடியில் தொங்கும் விமான நிலையச் சீட்டைப் பார்த்து, அந்தப் பெட்டி வழியில் எத்தனை இடத்தில் மாறியது என்று கண்டுபிடித்துவிடுவார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. சீட்டில் எத்தனை ஊர்க் குறி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார், அவ்வளவுதான். மூன்று இருந்தால், “பாவம், மூணு இடத்துல தூக்கிப் போட்டு உதைச்சிருக்கானுங்க.”

ஒரே ஒரு ஊரின் குறி மட்டும் அவருக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். ஏணி மாதிரி ஒன்று, பாம்பு மாதிரி ஒன்று, முட்டை மாதிரி ஒன்று. அது அவருடைய மகன் இருக்கும் ஊர்.

அந்தச் சீட்டோடு ஒரு பெட்டி வந்துவிட்டால் அன்றைக்கு அக்காவின் குரலே மாறிவிடும். கொண்டுவந்தவரை உட்காரச் சொல்வார். உட்கார இடம் இல்லை என்பதால் படியில் உட்காரச் சொல்வார். “அங்க குளிரா? தண்ணி நல்லாயிருக்கா? நம்ம ஆளுங்க இருக்காங்களா?” வேலை முடிந்ததும் சீட்டைக் கத்தரித்து மீட்டர் கம்பியில் செருகி வைப்பார். பழுப்பேறிய அந்தச் சீட்டுகள் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டே இருக்கும்.

“ஏணியில ஏறினா பாம்புல இறங்கித்தானே ஆகணும்? இவன் மட்டும் ஏறினவன் ஏறினவன்தான்” என்று அவரே கேலியும் செய்வார். கேலி அவர் செய்யலாம். வேறு யாரும் செய்யக் கூடாது.

மகனைப் பற்றி அவர் சொல்லும் முதல் செய்தி வேலையோ சம்பளமோ அல்ல, தூரம். “ரெண்டு நாள் பயணம். மூணு ப்ளைட்டு மாறணும்.” சக்கரம் மாற்ற வந்தவரிடம் சொல்வார், தண்ணீர் கேன் போடுபவரிடம் சொல்வார், மீட்டர் கணக்கு எடுக்க வந்தவரிடமும் சொல்வார். மற்றவர்கள் பிள்ளைகள் வாங்கிய காரைச் சொல்வதுபோல் அந்த இரண்டு நாளைச் சொல்வார். எதிர்க் கடைச் செருப்புக்காரருக்கும் ஒரு மகன். பக்கத்து ஊரில் இருக்கிறார், வாரம் ஒருமுறை வந்துபோவார். “வாராவாரம் வந்தா அதுக்குப் பேரு புள்ளையா? கடன்காரன்” என்பார் அக்கா. செருப்புக்காரர் சிரித்துக்கொண்டே ஆணியடிப்பார்.

மகன் கிளம்பியபோது கொடுத்தனுப்பிய பெட்டியைப் பற்றி அக்கா சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். அப்போது கடை வேறு தெருவில், அக்காவின் கணவர் பெயரில் இருந்தது. இருந்த பெட்டிகளிலேயே பெரியதாக, கெட்டியாக ஒரு மரூன் நிறப் பெட்டியை அவர் எடுத்து, பழுது பார்த்து, பாலிஷ் போட்டார். உள் துணி கிழிந்திருந்த இடத்தில் வீட்டு ஜன்னல் திரையில் இருந்த மஞ்சள் பூவை வெட்டி ஒட்டுப்போட்டது அக்கா. கைப்பிடியைச் சிவப்பு நூலால் இரட்டைத் தையல் போட்டுக் கட்டியதும் அக்காதான். “கறுப்பு நூல் ஊருக்கு. சிவப்பு வீட்டுக்கு. அந்த ஒரு கைப்பிடிக்குத்தான் போட்டேன்.” மிச்ச நூல்கண்டு இன்னும் ஆணியில் தூசி படிந்து தொங்கியது. விமான நிலையத்துக்கு அக்கா போகவில்லை. டாக்சியில் மகன், அப்பா, சிநேகிதர்கள் இருவர், பெட்டி. “பெட்டியை இறக்கினா நான் ஏறலாம். பெட்டியை எப்படி இறக்கறது?” தெருமுனையில் நின்று கையாட்டியிருக்கிறார்.

ஒருநாள் மதியம் தண்ணீர் பிடிக்க எங்கள் அலுவலகத்துக்கு ஏறி வந்தார். என் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“டேய் பட்டதாரி. ஏணி, பாம்பு, முட்டை. என் பையன் ஊருதானே அது?”

ஆமாம், யாருக்கோ டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. தூரம் என்றால் அது என் பாடம். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் நேர்கோடாக ஏழாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும் என்றேன். தினமும் ஒரு விமானம் போகிறது, தினமும் ஒன்று வருகிறது, எங்கேயும் மாற வேண்டியதில்லை என்றேன்.

“எவ்ளோ நேரம்?”

“போக ஒன்பது மணி நேரம். வரப் பத்து.”

“ஒரே வழிதானே? அதென்ன போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு?”

மேலே ஒரு காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது, போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும் என்று விளக்கினேன். காகிதத்தில் படமும் போட்டேன்.

அக்கா படத்தைப் பார்க்கவில்லை. “அதான பார்த்தேன். போறதுன்னா பின்னாலேருந்து தள்ளி விடுது. வர்றதுன்னா மட்டும் தடுக்குது. அதான் ஒருத்தனும் திரும்பி வரமாட்டேங்கறான்.”

எங்கள் முதலாளிகூடச் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. குடம் நிரம்பித் தரையில் வழிந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய்க் குழாயை மூடினேன்.

“இந்த ஒரே ப்ளைட்டு... இது எப்போலேருந்து போகுது?”

முதலாளி சொன்னார்: “அது ரொம்ப வருஷமா இருக்கும்மா. நான் கடை போட்டதுலேருந்தே போகுது.”

அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றினார். வாசல்வரை போய்த் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்: “உன் மிஷினு பறக்கற நேரத்தைத்தான் சொல்லும். மனுஷன் வந்து சேர்ற நேரம் அதுக்கு எப்படித் தெரியும்?”

நான் கீழே போனதும் செருப்புக்காரர் என்னைக் கையைப் பிடித்துத் தன் கடைக்குள் இழுத்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்கு வந்திருந்தது.

“ஏம்பா, உனக்கு வேற வேலை இல்லையா? அந்த அம்மாகிட்டப் போய் ஒன்பது மணி, பத்து மணின்னு சொல்லிட்டு வந்திருக்க?”

“உள்ளதைத்தானே சொன்னேன்?”

“உள்ளதுதான். அவங்க வீட்டுக்காரரு போனது உனக்குத் தெரியுமா?”

தெரியாது. அவர் சொல்லித்தான் தெரிந்தது. மகன் போன மறு வருடம், ஒரு காலை, பழைய கடையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். அக்கா மகனுக்குப் போன் போட்டார். மகன் அழுதிருக்கிறார். அப்புறம், “ரெண்டு நாள் ஆகும்மா, மூணு ப்ளைட்டு மாறணும். அதுவரைக்கும் அப்பாவைப் போட்டு வைக்க வேணாம். எடுத்துடுங்க” என்று சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர்கள் கேட்கவில்லை. ஒரே பிள்ளை, நாளை வரைக்கும் பார்க்கலாம், வழி கிடைக்கலாம் என்று வாதாடியிருக்கிறார்கள். அவர்களோடு மல்லுக்கு நின்றவர் அக்கா. “எம்புள்ளை ரெண்டு நாள் அழுதுகிட்டே வானத்துல வரணுமா? வேணாம். தூக்குங்க” என்றிருக்கிறார். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்காத பிள்ளை அதற்குப் பிறகு வரவும் இல்லை. அங்கேயே கல்யாணம், அங்கேயே ஒரு பெண் குழந்தை. எல்லாம் போனில்தான்.

“அந்த ரெண்டு நாளு மேலதான்பா அந்தம்மா உக்காந்திருக்கு” என்றார் செருப்புக்காரர். “நீ போய் அதை உருவிட்டு வந்திருக்க.”

அக்கா என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளே, “பட்டதாரி, டீ சொல்லு” என்றார். ஆனால் மகன் கதையில் புதிய புதிய ஒட்டுகள் விழுந்தன. ஒரே விமானம் என்றால் எப்போதும் இடம் கிடைக்காதாம். அது பணக்காரர்கள் ஏறுவதாம். மகன் வேலை பார்க்கும் கம்பெனியில் சுற்றிப் போகிற டிக்கெட்தான் தருவார்களாம். நான் தலையாட்டினேன். “அப்படியும் உண்டுக்கா” என்று ஒருமுறை சொல்லியும் வைத்தேன். அவர் அதை விரும்பவில்லை. “உனக்கென்ன தெரியும்” என்று சொல்லிவிட்டுச் சக்கர டப்பாவைக் கிளறினார்.

அந்தச் சனிக்கிழமை நான் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஓட்டல் சிப்பந்தி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய பெட்டி, நிறம் மங்கிய மரூன்.

“அக்கா, அர்ஜெண்ட்டு. சக்கரம் ஒண்ணு காலி, கைப்பிடியும் ஆடுது. சாயங்காலம் வேணும். நாளைக்கு மலைக்குப் போறாங்களாம், சுத்திப் பார்க்க.”

“வெச்சிட்டுப் போ” என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியைப் பற்றினார். பற்றிய கை அங்கேயே நின்றது. பெட்டியை மடிக்கு இழுத்து, கைப்பிடியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அழுக்கேறிப் பழுப்பாகத் தெரிந்த நூலை எச்சில் தொட்டுத் தேய்த்தார். உள்ளிருந்து சிவப்பு வந்தது.

பெட்டியைத் திறந்து உள் மூலையில் கையை விட்டார். மஞ்சள் பூ ஒட்டு அங்கேயே இருந்தது.

“யாரோட பெட்டி?”

“ஒரு ஃபேமிலிக்கா. சாரு, மேடம், ஒரு பாப்பா. மேடம்தான் குடுத்தாங்க. பழசு, சரி பண்ண முடியலன்னா அங்கேயே போட்டுட்டு வந்துடுன்னாங்க.”

“போட்டுட்டா?”

“ஆமாக்கா. முடியுமா?”

“முடியும்.” மஞ்சள் பூவைத் தடவிக்கொண்டே, “பாப்பா எவ்ளோ பெருசு?”

சிப்பந்தி தன் இடுப்பளவுக்குக் கையைக் காட்டினார். “இவ்ளோ உசரம். லிஃப்ட்டு பட்டன் எல்லாத்தையும் அமுக்கிட்டு ஓடிடுது. சரியான வாலு. நேத்து பூரா நான் அதுக்குப் பின்னாடியே ஓடினேன்.”

அக்கா சிரித்தார். வாய்விட்டே சிரித்தார். “அவங்க அப்பனும் அப்படித்தான் இருந்திருப்பான்” என்றார். சிப்பந்தியும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் தெரு தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பட்டதாரி, இங்க வா. இதைப் படி” என்றார்.

கைப்பிடியில் விமானச் சீட்டு தொங்கியது. ஏணி, பாம்பு, முட்டை.

“எத்தனை ஊரு இருக்கு?”

அவருக்கே எண்ணத் தெரியும். இருந்தாலும் நான் படித்தேன். “ரெண்டுதான்க்கா. அந்த ஊரு, நம்ம ஊரு.”

“நடுவுல?”

“நடுவுல ஒண்ணும் இல்ல.”

“ஒரே ஏத்தம்.”

“ஆமாக்கா.”

“என்னைக்கு?”

“முந்தாநாள்.”

சீட்டில் பெயரும் இருந்தது. நான் வாசிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

டீ டம்ளரைப் படியில் வைத்தேன். “வாங்கக்கா, போலாம். ரெண்டு சிக்னல்தான். நானும் வரேன். ரிசப்ஷன்ல நான் பேசறேன். எந்த மூஞ்சியை வெச்சிட்டு நிக்கறாருன்னு பார்த்துட்டு வரலாம்.”

அக்கா சக்கர டப்பாவை மடிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். “வேணாம்பா. பத்து மணி நேரம் உக்காந்துட்டு வந்திருக்காங்க. அலுப்பா இருக்கும்.”

பத்து மணி நேரம் என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

பிறகு வேலையை ஆரம்பித்தார். டப்பாவில் இருந்ததிலேயே நல்ல சக்கரத்தைப் பொறுக்கினார். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் பெட்டி சாயும் என்று நான்கையும் மாற்றினார். அச்சுக்கு எண்ணெய் விட்டார். ஜிப்புக்கு மெழுகு தேய்த்தார். மூலைத் தகடுகளைத் தட்டி நிமிர்த்தினார். அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. ஏதாவது சாக்கு வைத்துக் கீழே வந்துகொண்டே இருந்தேன். செருப்புக்காரரிடம் சொல்லியிருந்தேன். அவர் தன் கடையில் சத்தம் வராமல் உட்கார்ந்திருந்தார். அன்று மதியம் முழுக்க அவர் ஆணியடித்துக் கேட்கவில்லை.

சாயங்காலம் கைப்பிடிக்கு வந்தார். அப்போதுதான் போன் அடித்தது. சனிக்கிழமை மாலை மகன் கூப்பிடும் நேரம். வழக்கமாக முகம் தெரியும் அழைப்பு வரும்; அன்று வெறும் குரல். கை வேலையாக இருந்ததால் அக்கா போனை அந்தப் பெட்டியின் மேலேயே வைத்து, சத்தத்தைக் கூட்டினார்.

“அம்மா, எப்படி இருக்க?”

“இருக்கேன்ப்பா. மூஞ்சி தெரியலையே?”

“கேமரா சரியில்லம்மா. சரி பண்ணக் குடுக்கணும்.”

“சாப்டியா? அங்க மணி என்ன இப்போ?”

வாராவாரம் கேட்கிற கேள்விதான். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். அன்று மறுமுனையில் ஓர் இடைவெளி விழுந்தது. கூட்டிப் பார்ப்பதற்கு ஆகும் நேரம்.

“ஒன்பது... ஒன்பதரை இருக்கும்மா.”

“ஒன்பதரை” என்றார் அக்கா. குத்தூசியின் முனையைச் சிவப்புத் தையலுக்குள் விட்டு, ஒரு கண்ணியைத் தூக்கி, பிளேடால் அறுத்தார். “பாப்பா தூங்கிட்டாளா?”

“தூங்கிட்டாம்மா.”

தூரத்தில் ஒரு குழந்தை எதற்கோ கத்திச் சிரிப்பது போனில் கேட்டது. உடனே ஒரு கதவு சாத்தப்பட்டது.

அக்கா அடுத்த கண்ணியை அறுத்தார். “குளிரா அங்க?”

“ஆமாம்மா. ரொம்ப.”

“ஸ்வெட்டர் போட்டுக்கோ.”

“இந்த வருஷமும் லீவு அமையல. அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன்மா.”

“எதுக்குப்பா அலைச்சல். ரெண்டு நாள் வரணும். ரெண்டு நாள் போகணும்.”

“அதான்மா” என்றார் மகன்.

அறுத்த நூலை அக்கா ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். பதினைந்து வருடம் தாங்கிய தையல். இன்னும் பதினைந்து வருடம் தாங்கியிருக்கும். ஒரு நூல்கூட நைந்திருக்கவில்லை. ஆடியது கைப்பிடியின் இரும்புதான். தையலை அப்படியே விட்டுத் திருகாணியை முடுக்கினாலே போதும். அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். “உடம்பைப் பாத்துக்க” என்றார். “நீயும்மா” என்றது போன். அணைந்தது.

கடைசிச் சிவப்பையும் பிடுங்கிவிட்டு, கறுப்பு நூலைக் கோத்துக் கைப்பிடியைத் தைத்தார். ஊருக்குப் போடுகிற அதே சாதாரணத் தையல். பிறகு பெட்டியைத் திறந்தார். உள்ளே கையை விட்டு மஞ்சள் பூ ஒட்டையும் பிரித்தெடுத்தார். அந்த இடத்தில் சாம்பல் நிறத் துணி ஒன்றை ஒட்டி நீவிவிட்டார்.

“ஏன்க்கா?” என்றேன்.

“கண்டுபிடிச்சிடுவான்ப்பா. அப்புறம் என்கிட்ட என்ன சொல்லுவான்? பாவம்.”

பாவம் என்ற சொல்லை அவ்வளவு கசப்பாக நான் கேட்டதில்லை.

சிப்பந்தி வந்தார். பெட்டியை உருட்டிப் பார்த்து, “புதுசு மாதிரி ஆக்கிட்டீங்கக்கா! மேடம் அசந்துடுவாங்க” என்றார். அக்கா எப்போதும் வாங்கும் கூலியை வாங்கிக்கொண்டார். குறைக்கவில்லை. பெட்டி சத்தமே இல்லாமல் உருண்டு தெருமுனை திரும்பியது. அவர் தெருமுனைவரை போகவில்லை, கையாட்டவும் இல்லை. தரையில் கிடந்த சிவப்பு நூல் துணுக்குகளைக் கூட்டி, ஆணியில் தொங்கிய நூல்கண்டையும் சேர்த்து எடுத்து, குப்பை வாளியில் போட்டார். மீட்டர் கம்பியிலிருந்த சீட்டுகளையும் உருவிப் போட்டார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, படபடக்க ஒன்றும் இல்லை.

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்தக் குடும்பம் மலைக்குப் போய்வந்து, பத்து நாள் தங்கி, அதே விமானத்தில் திரும்பியது. எங்கள் அலுவலகத்தில் போட்ட டிக்கெட் இல்லை அது. ஓட்டல் சிப்பந்தி சொல்லித்தான் தெரியும். கிளம்பும்போது அந்தப் பாப்பா லிஃப்ட்டை விட்டு வரமாட்டேன் என்று அழுததாம். அதையும் அவர் அக்காவிடம் வந்து சொன்னார். “அப்படியா” என்று கேட்டுக்கொண்டார் அக்கா. சனிக்கிழமை போன் இன்றும் வருகிறது. கேமரா சரியாகிவிட்டது.

எனக்குப் பாடப் புத்தகம் சொல்லிக்கொடுத்தது, இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருக்கும் தூரம் மாறாது என்பது. அதை எழுதித்தான் முதல் வகுப்பு வாங்கினேன்.

அக்கா அதே மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறார், அதே சாம்பல் நிறப் பெட்டியின் மேல். போன வாரம் ஒரு பெண் பெட்டியோடு வந்தார். சீட்டில் ஏணி, பாம்பு, முட்டை. “நேத்து ஏறினேன், இன்னைக்கு இறங்கிட்டேன். ஒரு தூக்கம் போட்டா வந்துடுது, அவ்ளோதான் தூரம்” என்று அந்தப் பெண் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா படியில் உட்காரச் சொல்லவில்லை. சீட்டைப் படிக்காமலே கத்தரித்து வாளியில் போட்டார். “ஜிப்பு மட்டும்தானே? நாளைக்கு வாங்க.”

அந்தப் பெண் போனதும் செருப்புக்காரர், நல்ல எண்ணத்தில்தான், ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டார்: “என்னக்கா, தம்பி இந்த வருஷமாவது வரானா?”

“எங்கய்யா வர்றது. மூணு நாள் பயணம்.”

“ரெண்டு நாள்னு இல்ல சொல்லுவீங்க?”

“தூரம் கூடிப்போச்சு” என்றார் அக்கா. கத்தரிக்கோல் மடியிலேயே இருந்தது. கறுப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.